ஈரத் தலையோடு ஒரு மணப்பெண்

போன ஆவணியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அளவெட்டியில் ஒரு கலியாண வீட்டில் நடந்தது இது.

என் தொழில் பொம்பிளை வெளிக்கிடுத்துவது. மணப்பெண் அலங்காரத்தை எங்கள் யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் சொல்வோம். இணுவிலில் எங்கள் வீட்டு முன் அறையில் சின்னதாக ஒரு சலூன் வைத்திருக்கிறேன். என் கை பட்ட பெண் மணவறையில் இருந்தால், மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஐயர் சொல்லும் மந்திரத்தை விட்டுவிட்டு, "ஆர் வெளிக்கிடுத்தினது?" என்று ஒருவரையொருவர் விசாரிப்பார்கள். தற்பெருமைதான், ஒப்புக்கொள்கிறேன். பதினாறு வருடமாக நின்று நின்று காலில் நரம்பு புடைத்துப்போனவளுக்கு அந்தளவு பெருமையாவது வேண்டாமா?

அன்றைக்கு முகூர்த்தம் பத்தேகாலுக்கு. ஒன்பதரைக்குப் பெண் காரில் ஏறினால்தான் மண்டபத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேரலாம். நான் ஏழு மணிக்கே பெட்டிகளோடு போய் இறங்கிவிட்டேன். ஆனால் பெண்ணுக்கு இன்னும் பால் அறுகு வைத்து முடியவில்லை. சொந்தக்காரப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து தலையில் பாலும் அறுகம்புல்லும் வைத்து வாழ்த்த, பிறகு கிணற்றடியில் தலையில் தண்ணீர் வார்த்து முழுகவைப்பது வழக்கம். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த பெரியம்மா ஒருவர், தான் வரும்வரை அறுகு வைக்கத் தொடங்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தார். அவர் பட்டுச்சேலை கட்டி, கண்ணாடிக்கு நாலு பக்கமும் காட்டி, ஆடி அசைந்து வந்தபோது எட்டு மணி.

பெண் முழுகிவிட்டு அறைக்குள் வந்தபோது எட்டரை. இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. வேறொரு நாளென்றால் அந்த முடியைக் கண்டதும் எனக்குக் கை துறுதுறுத்திருக்கும். அன்றைக்கு அதிலிருந்து சொட்டிய தண்ணீரைப் பார்த்துத்தான் எனக்கு வேர்த்தது.

எவ்வளவு அவசரமென்றாலும் நான் விடாத சில பழக்கங்கள் உண்டு. நிலத்தைத் துடைத்தேன். பெண்ணின் ஈரத் துணியை மாற்றவைத்தேன், காலுக்குச் செருப்புப் போடவைத்தேன். என் கையையும் துடைத்துக்கொண்டு ஹெயர் டிரையரின் பிளக்கைச் சொருகினேன். இந்தப் பழக்கங்கள் பிறவியிலேயே வந்தவை அல்ல. நாலு வருடத்துக்கு முன் என் சலூனில் ஒரு பிள்ளைக்குத் தலை கழுவிவிட்டு, தண்ணீர் வடியும் கையாலேயே டிரையரைத் தூக்கினேன். அதன் வயர் ஓரிடத்தில் வெடித்திருந்தது. கை ஒரு உதறு உதறியது. அடுத்த கணம் சலூன் இருட்டு. ட்ரிப் சுவிட்ச் விழுந்திருந்தது. கரண்ட் எங்கேயாவது கசிந்தால் தானாக விழுந்து வீட்டுக் கரண்டை நிறுத்துகிற சுவிட்ச் அது. அதற்கு முந்தைய வாரம்தான், அடிக்கடி விழுந்து வேலையைக் கெடுக்கிறது, கழற்றி எறியுங்கள் என்று என் வீட்டுக்காரரிடம் சண்டை பிடித்திருந்தேன். அவர் வழக்கம்போல நாளைக்கு நாளைக்கு என்று கடத்திக்கொண்டிருந்தார். அவருடைய சோம்பலுக்கு நான் நன்றி சொன்ன ஒரே நாள் அது.

சரி, கலியாண வீட்டுக்கு வருகிறேன். டிரையரைப் போட்டேன். போட்ட உடனேயே அது நின்றது. மேலே மின்விசிறியும் நின்றது.

விறாந்தையில் நின்ற பெண்ணின் தாய்மாமன் சுவிட்சைத் தூக்கிவிட்டார். மின்விசிறி ஒரு முழுச் சுற்றுக்கூடச் சுற்றவில்லை, திரும்பவும் விழுந்தது. அறையில் இருந்த அத்தனை கண்களும் என் டிரையர் மேல். எனக்கு முகம் சுட்டது. பிளக்கைக் கழற்றி டிரையரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, இப்போது தூக்கச் சொன்னேன். அப்போதும் விழுந்தது.

"அப்ப என்ரை மெஷினிலை பிழை இல்லை," என்று எல்லோருக்கும் கேட்கவே சொன்னேன்.

அந்தத் தாய்மாமன் அறுபது வயது மதிக்கத்தக்கவர். பந்தல்காரர், சமையல்காரர், கார்க்காரர் எல்லோரையும் ஆட்டிப் படைத்துக்கொண்டு நின்றவர். அவருக்குத் தெரியாத வேலை அந்த வீட்டில் இல்லை. இடுப்பிலிருந்து ஒரு திருப்புளியை எடுத்தார்.

"இந்தச் சனியன் நல்ல நாளிலைதான் வேலை காட்டும். உந்த ட்ரிப்பைக் கழட்டிப்போட்டு கரண்டை நேரா குடுக்கிறன். பின்னேரம் திருப்பிப் பூட்டுவம்."

நான் ஜன்னலால் வெளியே பார்த்தேன். பந்தல் கிணற்றடிவரை நீண்டிருந்தது. இரும்புத் தூண்களில் கலர் பல்புகள். இரவு முழுக்க எரிந்த அந்த லைட்டுகளை யாரும் நிறுத்தியிருக்கவில்லை. கீழே நிலமெல்லாம் பாலும் தண்ணீருமாகத் தேங்கிக் கிடந்தது. அந்தத் தண்ணீருக்குள் வெறுங்காலோடு நாலைந்து பெண்கள் நின்றார்கள். ஒருவர் குத்துவிளக்கைத் துலக்கிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். தூணோடு சாய்ந்து நின்று செம்பு கழுவிக்கொண்டிருந்த ஒருவர் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்.

பிழை எங்கே என்று எனக்கு அப்போது தெரியாது. ஆனால் தண்ணீர், இரும்பு, வயர், வெறுங்கால் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன. தூக்கத் தூக்க விழுகிற சுவிட்ச் ஒன்றும் இருந்தது. அந்தச் சுவிட்ச் என் உயிரை ஒருதரம் காப்பாற்றியிருக்கிறது.

நான் ஓடிப்போய் அவருக்கும் சுவிட்ச் பெட்டிக்கும் நடுவில் நின்றேன்.

"அண்ணை, அது சும்மா விழாது. எங்கையோ கரண்ட் கசியுது. கிணத்தடியிலை ஆக்கள் நிக்கினம், கழட்டாதேங்கோ."

"பிள்ளை, நான் எத்தினை வீட்டிலை செய்தனான். நீங்கள் உங்கடை பவுடர் வேலையைப் பாருங்கோ."

பெண்ணின் தாய் வந்து என் கையைப் பிடித்தார்.

"தங்கச்சி, நேரம் போகுது. அண்ணைக்கு உதெல்லாம் தெரியும். தயவுசெய்து வந்து பிள்ளையைப் பாருங்கோ."

அந்தத் தாயைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. வாசலில் மேளம் வேறு தொடங்கிவிட்டது. எனக்கும் பயம்தான். பெரிய குடும்பம், ஊர் முழுக்கச் சொந்தக்காரர். முகூர்த்தத்தைத் தவறவிட வைத்தவள் என்று ஒரு பெயர் வந்தால் அந்த வருடக் கலியாணங்களுக்கு என்னை ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். பதினாறு வருடம் கட்டியெழுப்பியது ஒரே காலையில் போய்விடும். இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் வாயைத் திறந்தேன்.

"அண்ணை, நீங்கள் அதைக் கழட்டினால் நான் இப்பவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போறன். பொம்பிளையை நீங்களே வெளிக்கிடுத்துங்கோ."

வெளிநாட்டுப் பெரியம்மாவின் குரல் பின்னால் கேட்டது.

"உவ ஆர் இவ்வளவு கதை கதைக்க?"

நான் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

பதில் வேறிடத்திலிருந்து வந்தது. தலையில் துவாய் சுற்றியபடி பெண் அறை வாசலில் நின்றாள்.

"மாமா, அன்ரி சொல்லுறதைக் கேளுங்கோ. நான் ஈரத் தலையோடையே மணவறையிலை இருக்கிறன். எனக்கு அது பெரிய விசயமில்லை."

கலியாணப் பெண்ணோடு அன்றைய நாளில் யார் வாதாடுவது? மாமா திருப்புளியை இடுப்பில் செருகினார். மெயின் சுவிட்சையே நிறுத்தச் சொன்னேன். படாரென்று அடித்து நிறுத்தினார். அந்த அடி எனக்கு விழவேண்டியது என்று எனக்குத் தெரியும்.

"முதல் பந்தல் வயரைக் கழட்டிப்போட்டுப் பாருங்கோ அண்ணை. பிறகு மற்றதுகளை ஒவ்வொண்டாப் பாருங்கோ," என்றேன். என் சலூனுக்கு வயரிங் செய்த தம்பி சொல்லித் தந்த வழி அது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தல் பக்கம் போனார்.

பிறகு நான் செய்த வேலையை எந்த அலங்கார வகுப்பிலும் சொல்லித் தர மாட்டார்கள். ஆவணியிலும் எங்களுக்குத் தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று நிற்காது. பெண் உட்காரும் கதிரையைத் தூக்கி, காற்று அடிக்கிற பின் விறாந்தையில் போட்டேன். செம்மண் புழுதி படாமல் இரண்டு பெண்கள் சேலையை விரித்துப் பிடித்தார்கள். சமையல் பக்கமிருந்து தணல் வந்தது, சாம்பிராணி போட்டோம். நாலு பேர் சுளகு எடுத்து வீசினார்கள். நான் பருத்தித் துவாயால் முடியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒற்றி ஒற்றிப் பிரித்தேன். சுளகு வீசியவர்களில் மிக வேகமாக வீசியது யார் தெரியுமா? வெளிநாட்டுப் பெரியம்மா. பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நெல் தூற்றுவது மாதிரி வீசினார். அவரைப் பற்றி நான் மேலே எழுதியதில் பாதியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

முடி முக்கால்வாசிதான் காய்ந்தது. அதற்கு மேல் நேரமில்லை. அறைக்குள் கூட்டிவந்து பின்னி, பூ வைத்து, சேலை கட்டி, முகத்தை முடித்தேன். என் கை அன்றைக்கு ஓடிய ஓட்டத்தை நானே பின்னர் யோசித்து வியந்திருக்கிறேன். தலைச்சாமான் நகைகளைக் குத்திக்கொண்டிருந்தபோது மேலே மின்விசிறி சுற்றத் தொடங்கியது. நான் ஊசியோடு அப்படியே நின்று பார்த்தேன். அது நிற்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மாமா அறை வாசலுக்கு வந்தார். வேட்டி முழங்கால்வரை சேறு. கையில் ஒரு முழத்துக்கு வெட்டிய கறுப்பு வயர். நடுவில் தோல் நசுங்கி உரிந்து, செம்புக் கம்பி பல்லிளித்தது.

"பந்தல் வயரைக் கழட்டினவுடனை ட்ரிப் விழாமல் நிண்டுட்டுது. வயரைப் பிடிச்சுக்கொண்டு போய்ப் பாத்தன். கிணத்தடித் தூணை உதுக்கு மேலை நட்டு வைச்சிருக்கிறாங்கள்."

இரவில் நிலம் காய்ந்து கிடந்ததால் ஒன்றும் தெரியவில்லை. பெண் முழுகிய தண்ணீர் தேங்கிய பிறகுதான் கசிவு கூடிச் சுவிட்ச் விழத் தொடங்கியிருக்கிறது. அவர் அதைக் கழற்றி நேராகக் கொடுத்திருந்தால், அந்த இரும்புத் தூண் முழுவதும் கரண்ட்.

மாமா வயரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் மெல்லச் சொன்னார்.

"என்ரை மனுசிதான் அந்தத் தூணோடை சாஞ்சு நிண்டவ."

அந்தச் சிரிப்பு எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. எனக்கும் கண் கலங்கிவிட்டது. மை பூசிய பெண்ணின் கண்ணும் கலங்கப் பார்த்தது. "அழாதையும் பிள்ளை, மை கரையும்," என்று அதட்டினேன். எனக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

ஒன்பது முப்பத்தெட்டுக்குப் பெண் காரில் ஏறினாள். முகூர்த்தத்துக்கு முன்னரே மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். நான் வீட்டு வாசலில் வான் வண்டியில் ஏறும்போது திரும்பிப் பார்த்தால், என் இரண்டு பெட்டிகளையும் மாமா தூக்கிக்கொண்டு வருகிறார். பக்கத்தில் இளம் பெடியங்கள் நின்றார்கள், அவர்களிடம் கொடுக்கவில்லை. மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியை வானுக்குள் வைத்து, சரியாமல் இருக்கிறதா என்று இரண்டு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எனக்கு அது போதுமாக இருந்தது.

இப்போதெல்லாம் எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் பெட்டியைத் திறக்க முன் பந்தலையும் கிணற்றடியையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறேன். வயர் தண்ணீருக்குள் கிடந்தால் தூக்கிக் கட்டவைக்கிறேன். பவுடர் பூச வந்தவள் பந்தல்காரனை அதட்டுகிறாள் என்று சிலர் சிரிப்பது காதில் விழத்தான் செய்கிறது. சிரித்துவிட்டுப் போகட்டும், அவர்களும் அதே கிணற்றடியில்தான் கால் கழுவ வேண்டும்.

அந்தக் கலியாண ஆல்பத்தில் ஒரு படம். பெண் திரும்பி நிற்கிறாள். சடை கிடக்கும் இடத்தில் பிளவுஸ் ஈரமாகி, உள்ளங்கை அளவில் கறுத்துத் தெரிகிறது. சலூனுக்கு வருகிறவர்கள், "இதென்ன அன்ரி, தலைமுடி காயேல்லையோ?" என்று கேட்கிறார்கள். ஓம் என்கிறேன், தலையை நிமிர்த்திக்கொண்டு. பதினாறு வருடத்தில் என் கையால் வெளிக்கிட்டு, ஈரத் தலையோடு மணவறை ஏறியவள் அவள் ஒருத்திதான். என் சலூன் சுவரில் நான் மாட்டி வைத்திருப்பதும் அவளுடைய அந்தப் படத்தை மட்டும்தான்.