காலி எடை

அரியலூரில் எங்கள் ஆபீஸ் ஜன்னலுக்கு நேர் எதிரே எடைமேடை. சுண்ணாம்புக்கல் ஏற்றப் போகும் லாரி முதலில் காலியாக அதில் ஏறி நிற்கும். எடை பதிந்ததும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விடும். பாரத்தோடு திரும்பி வந்து மறுபடி ஏறினால்தான் கல்லின் எடை தெரியும்.

அதைப் பார்த்துத்தான் அக்கா தன் உதாரணத்தை எழுதினார். அக்கா என்றால் கூடப் பிறந்தவர் அல்ல, வேலையில் எனக்கு மூத்தவர். ஹாஸ்கல் என்ற கணினி மொழியில் இருந்த பாடநூல் உதாரணங்களைக் கல்லூரிப் பிள்ளைகளுக்காகப் பைத்தானுக்கு மாற்றுவது எங்கள் வேலை. பார்ஷியல் அப்ளிகேஷன் பாடம் வந்தது. இரண்டு எண் கேட்கும் ஃபங்ஷனுக்கு, அதாவது கணக்குப் போடும் நிரல் துண்டுக்கு, ஒன்றை மட்டும் கொடுத்தால், அதை வைத்துக்கொண்டு மற்றதற்குக் காத்திருக்கும் புது ஃபங்ஷன் கிடைக்கும். நூலில் இருந்ததோ வெறும் கூட்டல் கணக்கு. "இது யாருக்குடி புரியும்? அந்த லாரியப் பாரு. காலி எடையக் குடுத்துட்டுப் போயிட்டான். மிச்சத்துக்கு மேடை காத்துக்கிட்டு இருக்கு" என்றார். அந்தப் பாடத்தின் கீழேதான் முதன்முறையாக அவர் பெயர் அச்சாவதாக இருந்தது. சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

சென்னை மேலாளருக்கு அக்காவின் நிரல் நீளமாம். ஹாஸ்கலில் இருந்ததை வரிக்கு வரி அப்படியே மாற்றிச் சுருக்கி அனுப்பினார். ஹாஸ்கலில் ஒவ்வொரு காலி எடையும் அந்தந்த லாரியோடு ஒட்டிக்கொள்ளும். மேலாளருடைய பைத்தான் வரியோ கணக்குப் போடும் நேரத்தில்தான் காலி எடையைத் தேடியது. அதற்குள் கடைசி லாரியும் ஏறி இறங்கியிருக்கும். எல்லா லாரிக்கும் அந்தக் கடைசி லாரியின் காலி எடையையே கழித்தது. அக்கா வீடியோ காலில் அதை ஓட்டி, விடை தப்பாவதைக் காட்டினார். "யாரு கவனிக்கப் போறா? அச்சுக்குப் போகணும். ஒத்துக்கலைன்னா உங்க பேரு வராது" என்றார் மேலாளர்.

"பேர எடுத்துக்குங்க சார். அந்த வரியோட பாடம் இங்கேர்ந்து வராது" என்றார் அக்கா.

மாற்றி எழுத மேலாளருக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. அக்கா எழுதியபடியே அச்சானது. சொன்னபடி அவர் பெயரை மட்டும் மேலாளர் நீக்கிவிட்டார்.

இப்போது பெரம்பலூர் கல்லூரியில் அதே பாடத்தை நான் நடத்துகிறேன். ஜாவாஸ்கிரிப்ட், கோட்லின் என்று எந்த மொழிக்கு மாற்றினாலும் முதலில் காலி லாரிதான் மேடையில் ஏறும். "இது புக்குலயே இருக்குதுங்களா மேடம்?" என்று யாராவது கேட்பார்கள். இருக்கிறது என்பேன். பிறகு புத்தகத்தில் இல்லாத அந்தப் பெயரைப் பலகையில் முழுதாக எழுதுவேன். பரீட்சைக்கு வராது. வராவிட்டால் போகட்டும், எழுதிக்கொள்ளுங்கள் என்பேன்.