சிவப்பு மேளத் தவளை

எங்கள் குவார்ட்டர்ஸின் முன்னறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. அதில் நான் சேர்த்து வைத்திருப்பவை ஜப்பானில் செய்த துணிப்பொம்மைகள். எல்லாமே வீடியோ கேம்களில் வரும் பாத்திரங்கள். மகள் படிப்புக்காக ஹாஸ்டலுக்குப் போய்விட்டதால் நேரம் போகாமல் சேர்க்கிறேன் என்று பக்கத்து வீடுகளில் பேசிக்கொள்கிறார்கள். அவள் பிறப்பதற்கு முன்பே முதல் பொம்மையை வாங்கிவிட்டேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

நான் பிறந்து வளர்ந்ததும் இதே நெய்வேலி டவுன்ஷிப்தான். நான் ஐந்தாவதோ ஆறாவதோ படிக்கும்போது, எங்கள் தெருக்கோடி வீட்டு மாமா வேலை விஷயமாக ஜப்பான் போய்விட்டு டிவியில் செருகி ஆடும் கேம் ஒன்றை வாங்கி வந்தார். முதுகில் மேளம் கட்டிய மஞ்சள் தவளை ஒன்று தாமரை இலைகளின் மேல் தாவிக்கொண்டே போகும். மேளத்தைத் தட்டினால் மேகம் விலகி வழி திறக்கும். தெருப்பிள்ளைகள் எல்லோரும் அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு முறைக்காகக் காத்திருப்போம். கேமை ஆட விடுவார்கள். ஆனால் அதோடு அவர் தனியாகக் கொண்டுவந்த தவளைப் பொம்மை டிவிக்கு மேல் உட்கார்ந்திருக்கும். சிவப்பு மேளம், பளபளக்கும் பிளாஸ்டிக் கண்கள். அதைத் தொட அந்த வீட்டுப் பெண்ணுக்கு மட்டும்தான் அனுமதி. அவள் அதை மடியில் வைத்துக்கொண்டுதான் ஆடுவாள். நான் திரையைப் பார்த்ததைவிட அவள் மடியைப் பார்த்ததுதான் அதிகம்.

வேலைக்குப் போய்க் கையில் சொந்தமாக ஒரு போன் வந்த பிறகு, ஜப்பானில் பழைய பொருள் விற்கும் இணையதளங்களைத் தேடக் கற்றுக்கொண்டேன். நான் மெயின் பஜாரில் ஒரு மருந்துக் கடையில் இருக்கிறேன். கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் அந்த ஜப்பானிய எழுத்துகளைப் படம் படமாக மனதில் பதிய வைத்துக்கொண்டேன். தவளை என்பதற்கு எப்படி எழுத வேண்டும், காசு போட்டு இடுக்கியால் பிடிக்கும் கேம் சென்டர் இயந்திரத்தில் பரிசாக மட்டும் கிடைத்த பொம்மை என்பதற்கு என்ன சொல், லேபிள் அறுக்கப்படாதது என்பதற்கு என்ன சொல் என்று ஒவ்வொன்றாகப் பிடிபட வருடங்கள் ஆயின. அங்கே இருக்கும் ஒரு ஏஜென்சி நமக்காக வாங்கி, கட்டி, கப்பலில் அனுப்பும். வாங்கியதையே நாம் மறந்திருக்கும்போது போஸ்ட்மேன் வந்து கதவைத் தட்டுவார்.

இந்தக் காலத்துப் பொம்மைகள் பூனைக்குட்டி போல வழுவழுவென்று இருக்கும், கண்கள் நூலால் தைத்திருக்கும். பழையவை சற்று முரடு, கெட்டியான பஞ்சு, பாதத்தில் கனத்துக்குச் சின்னச் சின்ன மணிகள். எனக்குப் பழையவைதான் பிடிக்கும். தவளையில் நீல மேளம், பச்சை மேளம், மழைக்கோட்டு போட்டது, தூங்குவது எல்லாம் என்னிடம் சேர்ந்துவிட்டன. சிவப்பு மேளம் மட்டும் சிக்கவில்லை. அது இயந்திரத்தில் பிடித்தவர்களுக்கு மட்டும் கிடைத்த பரிசு. ஏலத்துக்கு வந்த சில தடவையும் கடைசி நிமிடத்தில் யாரோ தட்டிக்கொண்டு போனார்கள்.

எதிர் வீட்டுக்கு ஒரு மழைக்காலத்தில் புதிதாக ஒருத்தி குடிவந்தாள். மேல்பட்டாம்பாக்கத்துப் பெண். என்னைவிடப் பத்து வயது இளையவள். அவள் கணவருக்கும் என் கணவரைப் போல மைன்ஸில் ஷிப்ட் வேலை. வந்த வாரமே, காலம் தப்பிக் காய்த்த பண்ருட்டிப் பலாச்சுளையை ஒரு தூக்கு நிறைய எடுத்துக்கொண்டு வந்தவள் அலமாரியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாக்கா இது, வூடு பூரா தவளையா வச்சிக்கினு கீறீங்க!" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே தூக்கோடு அலமாரிக்கு அருகில் போனாள்.

"அதக் கொஞ்சம் தள்ளி வைப்பா. பலா வாசனை துணியில ஏறிச்சின்னா போகவே போகாது" என்றேன்.

வேறு யாராவது என்றால் முகம் சுளித்திருப்பார்கள். அவள் தூக்கைச் சமையலறையில் வைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, "இப்ப தொடலாங்களாக்கா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலேயே நான் விழுந்துவிட்டேன். இத்தனை வருடத்தில் இவற்றைப் பற்றிப் பேச எனக்கு ஒரு ஆள் கிடைத்ததே இல்லை. என் கணவர் நல்லவர்தான். புதுப் பார்சல் வந்தால், "இன்னொரு தவளையா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்.

எல்லாவற்றையும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். கரித்தூள் உள்ளே வராமல் கண்ணாடி இடுக்கில் டேப் ஒட்டுவது, குழந்தைகளுக்கான மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டுவது, போலியை லேபிளிலும் தையலிலும் கண்டுபிடிப்பது. நான் வருடக் கணக்கில் சேர்த்த தேடல் சொற்களையும் ஒரே மத்தியானத்தில் அவள் போனில் ஏற்றிக் கொடுத்தேன். எங்களைப் போலச் சேர்ப்பவர்கள் பல நாடுகளிலிருந்தும் கூடிப் பேசும் ஒரு குழுவிலும் சேர்த்துவிட்டேன்.

அந்தக் குழுவில் நான் இருந்ததே பலருக்குத் தெரியாது. அவள் வந்த மாதமே எல்லோருக்கும் செல்லமாகிவிட்டாள். பொம்மையை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், பின்னால் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தெரியும்படி படம் எடுத்துப் போடுவாள். தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் ஏதாவது எழுதுவாள். இருநூறு பேர் வந்து இதயம் போடுவார்கள். நான் ஒரு லேபிளைப் பற்றிப் பொறுப்பாக நாலு பத்தி எழுதினால் இரண்டு பேர் படிப்பார்கள். எனக்கு முதலில் இது வேடிக்கையாகத்தான் இருந்தது. பிறகு அவள் படம் போட்டாளா என்று மாத்திரை எண்ணும்போதுகூட போனைப் பார்க்க ஆரம்பித்தேன். யார் யார் பாராட்டியிருக்கிறார்கள் என்று பெயர் பெயராகப் படித்தேன்.

தை மாதத்தில் ஒரு நாள் கடையில் ஒரு பெரியவருக்குச் சர்க்கரை மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது. பார்த்தால் அவள் ஸ்டேட்டஸ். சிவப்பு மேளத் தவளை, அவள் மடியில்.

பெரியவர் "ஏம்மா, இது காலையிலயா ராத்திரியிலயா?" என்று இரண்டு முறை கேட்ட பிறகுதான் எனக்குக் காதில் விழுந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன்? நானே வாங்கியிருப்பேன். அது அவளுக்கும் தெரிந்திருக்கும்.

சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அவளே ஓடி வந்தாள்.

"அக்கா, உங்களுக்குத்தான் மொதல்ல காட்டணும்னு இருந்தேன். ஒரிஜினலான்னு பாத்துச் சொல்லுங்க."

விளக்கடியில் உட்கார்ந்து வாங்கிப் பார்த்தேன். போலியாக இருக்க வேண்டும் என்று எந்தச் சாமியை வேண்டினேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வேண்டினேன். பாதத்தை அழுத்தினேன். மணிகள் தட்டுப்படவில்லை. மேளத்தின் வார் கைக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் வர வேண்டும், இதில் அக்குளிலேயே முடிந்துவிட்டது. மேளத்தை முதுகோடு சேர்க்கும் நூலையும் காணோம், பசைதான். லேபிள் மட்டும் அச்சு அசலாக இருந்தது.

என் மனம் குளிர்ந்தது. குளிர்ந்ததை முகத்தில் காட்டாமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன்.

"இது காப்பிப்பா" என்றேன். காரணங்களைச் சொன்னேன்.

அவள் பொம்மையை என் கையிலிருந்து மெதுவாக எடுத்துக்கொண்டாள். "இது பரிசா குடுத்ததுதானேக்கா? அவசரத்துல வேற ஃபேக்டரில தச்சிருப்பாங்க. குரூப்புல எல்லாரும் சூப்பர்னு சொல்றாங்களே."

"அவங்க போட்டோவத்தான பாக்கறாங்க. நான் கையில வச்சிப் பாத்துச் சொல்றேன்."

"நீங்க சிவப்பு மேளத்து ஒரிஜினல என்னிக்காவது கையில தொட்டிருக்கீங்களாக்கா?"

அவள் குத்திக்காட்டக் கேட்கவில்லை. நிஜமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். டிவி மேல் உட்கார்ந்திருந்ததைத் தூரத்தில் நின்று பார்த்தவள் நான். மற்ற மேளங்களை வைத்தும், படங்களை வைத்தும் சொன்ன கணக்குத்தான் அது.

கதவு வரை போனவள் திரும்பினாள். "தப்பா நெனச்சிக்காதீங்க. உங்களுக்கு இது கெடைக்கலன்னு மனசு கஷ்டமா கீது. எனக்குப் புரியிது."

நான் சொன்னது உண்மை. ஆனால் அதைப் பொறாமைக்காரி சொன்னதால் அது செல்லாமல் போயிற்று. குழுவில் எழுதி நிரூபிக்கலாம் என்று பலமுறை தட்டச்சு செய்து அழித்தேன். எழுதினால் எல்லோரும் அவள் சொன்னதையேதான் சொல்வார்கள்.

அதன்பின் எங்களுக்குள் பேச்சு குறைந்தது. சண்டை என்று எதுவும் இல்லை. கோலம் போடும்போது "காப்பி ஆச்சா?" என்று கேட்டுக்கொள்வோம். ஆனால் அவள் வீட்டு ஜன்னல் வழியாக அந்தத் தவளை தெரியும். அது போலி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எரிந்தது. என் கணவரிடம் ஒரு நாள் இதைச் சொன்னேன்.

"டூப்ளிகேட்டுன்னு நீயே சொல்ற. அப்பறம் எதுக்குப் பொறாமைப்படற?" என்றார்.

"அவ சந்தோஷம் டூப்ளிகேட் இல்லையே" என்றேன். அவர் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பிப் போனார்.

கத்திரி வெயில் வந்தது. சுவரைத் தொட்டால் சுடும் நாட்கள். ஒரு பிற்பகல் அவள் கதவைத் தட்டினாள். ஒரு கையில் தவளை, இன்னொரு கையில் மேளம்.

"பசை உருகி உழுந்துடுச்சிக்கா" என்றாள். முதுகைத் திருப்பிக் காட்டினாள். பழுப்பாகப் பசைக் கறை மட்டும் இருந்தது. ஊசி ஏறிய துளை ஒன்றுகூட இல்லை. "நீங்க அன்னிக்கே சொன்னீங்க. நான்தான் கேக்கல."

நான் இந்த நாளை எத்தனையோ முறை கற்பனை செய்திருந்தேன். அதில் அவள் அழுவாள், நான் பெருந்தன்மையாக ஆறுதல் சொல்வேன். அவள் அழவில்லை. "நாலு மாசம் நல்லா சந்தோசமா இருந்தேங்க்கா. மேளத்த தச்சிடலாமா? உங்களுக்குத்தான் அந்தத் தையல் தெரியும்" என்றாள்.

தைத்துக் கொடுத்தேன். நூல் எங்கே ஏற வேண்டுமோ அங்கேயே ஏற்றினேன். வாரையும் நீட்டி, கைக்கு அடியில் விட்டு மறுபக்கம் கொண்டு வந்தேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, தன் கொழுந்தன் கல்யாணக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். தையல் முடிந்ததும் அதைக் கொண்டுபோய்ப் பழைய இடத்திலேயே, நட்ட நடுவில் வைத்தாள். குழுவிலும் படம் போட்டு, இது போலி, என் அக்கா முதல் நாளே சொன்னார் என்று எழுதினாள். அதற்கும் இருநூறு இதயங்கள் விழுந்தன.

ஆடி பிறந்த சமயம், கடையில் இருக்கும்போது அவளிடமிருந்து ஒரு இணைப்பு வந்தது. ஒசாகாப் பக்கம் யாரோ வீட்டைக் காலி செய்கிறவர்கள் பழைய சாமான்களை மொத்தமாகப் போட்டிருந்தார்கள். படத்தின் மூலையில், ஒரு கூடைக்குள், சிவப்பு மேளம் தெரிந்தது. கைக்கு அடியில் வார் நுழைந்திருந்தது. அதற்குக் கீழே அவள் அனுப்பியிருந்த குரல் பதிவு: "அக்கா, இது ஒரிஜினல்னு நெனக்கிறேன். சீக்கிரம் வாங்கிடுங்க, வேற யாரும் இன்னும் பாக்கல."

வாங்கினேன். புரட்டாசியில் பார்சல் வந்தது. பிரிக்கும்போது அவளையும் கூப்பிட்டேன். பாதத்தை அழுத்தினேன், மணிகள் நகர்ந்தன. ஒரு கண்ணில் கீறல், வயிற்றில் லேசாகச் சிகரெட் வாசனை. அவள் அதை வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "ஐயோ, எவ்ளோ அழகா கீதுக்கா!" என்று குதித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்காவது ஒரு சின்ன எரிச்சல், ஒரு சுணக்கம் தெரிகிறதா என்று தேடினேன். இல்லை. அவளுக்கு என் மேல் பொறாமையே வரவில்லை.

தவளை இப்போது என் அலமாரியில் இருக்கிறது. அவள் வாரம் ஒரு முறையாவது கையைக் கழுவிக்கொண்டு வந்து எடுத்துப் பார்த்துவிட்டு, வைத்துவிட்டுப் போகிறாள். இத்தனை சுலபமாக அடுத்தவர் பொருளைப் பார்த்துச் சந்தோஷப்பட அவளால் முடிகிறதே என்று, அதற்கும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.