எனக்கு ரெண்டு வயிறா?

தையல்நாயகி விழுப்புரத்துப் பெண். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பச்சைமுத்துவுக்கு வாழ்க்கைப்பட்டாள். வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். நீளமாக இருந்ததால்தான் பிழைத்தாள், போங்கள்!

1961 மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல். மாத்திரை மாத்திரையாய் விழுங்கியதில் காய்ச்சல் போனது, வயிறு கெட்டது. நாளைக்கு ஏழெட்டுத் தடவை கொல்லைக்கு ஓடினாள். இரண்டு மாதத்தில் மாதவிலக்காகித் தூரமாவதும் நின்றுவிட்டது. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த பச்சைமுத்து தன் அம்மா அஞ்சம்மாளிடம், "அவ வயிறு சரியில்லயாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டை அவிழ்க்கப் போய்விட்டான். பாவி, பேதி என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கக் கூடாதா? நாலு வருஷமாகப் பேரனுக்குக் காத்திருந்த அஞ்சம்மாள் எந்த வயிறு என்று கேட்கவே இல்லை. மறுவாரமே மகனுக்கு இரண்டாம் பெண் தேடி முகையூருக்கு ஆள் அனுப்பினாள்.

தையல்நாயகிக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. ஆனால் அழவில்லை. கல்யாணமான நாளிலிருந்து மாட்டுக்கொட்டகைச் சுவரில் அவள் கோடு போட்டு வந்தாள். தூரமானால் செங்கல் கோடு. வயிறு இளகினால் கரிக்கோடு. மாதம் தவறாமல் செங்கல் கோட்டுக்கு முதல் நாள் ஒரு கரிக்கோடு இருக்கும். இப்போது சுவரெல்லாம் கரி. செங்கலைக் காணோம்.

இதைப் போய் ஊருக்கு வரும் நர்ஸ் ஜெயத்திடம் சொன்னாள். ஜெயம் சிரித்தாள். "வயிறு வேற, கர்ப்பப்பை வேறம்மா."

"எனக்கு இன்னா ரெண்டு வயிறா இருக்குது? ஒண்ணு பேஜாரானா இன்னொண்ணு சும்மா இருக்குமா?"

குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்களும் பெண்ணின் சுரப்புகளும் ஒன்றையொன்று ஆட்டிவைக்கின்றன என்று இன்றைக்குப் படித்தவர்கள் ஆராய்கிறார்கள். அவளிடம் இருந்தது ஒரு சுவர்தான்.

வயிற்றைத் தேற்றினால் மற்றதும் வரும் என்று புளித்த கேப்பைக் கூழும் மோருமாகக் குடித்தாள்.

"கூழு குடிச்சிக்கினு இருந்தா கொழந்த வந்துடுமா?" என்று நொடித்தாள் அஞ்சம்மாள்.

"மொதல்ல என் ஒடம்பு வரட்டும் அத்த."

மெல்லக் கரிக்கோடுகள் குறைந்தன. செங்கல் கோடு மட்டும் விழவில்லை. மாசி மாதம் முகையூர்க்காரர்கள் தட்டு மாற்ற வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். இங்கே வீட்டு வாசல் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். விருந்துச் சமையல் யார்? தையல்நாயகியேதான்! என்ன நெஞ்சழுத்தம் அந்த மாமியாருக்கு!

அவர்கள் வருவதற்கு முதல் நாள், வெகுநாள் கழித்து அவளுக்கு வயிறு இளகியது. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. மறுநாள் எல்லோருக்கும் காபி கொடுத்தனுப்பிவிட்டுப் பாயசம் கிண்டும்போது தெரிந்துவிட்டது. தூரமானவள் சத்தமில்லாமல் பின்வாசல் வழியாக மாட்டுக்கொட்டகைக்கு ஒதுங்க வேண்டும். அதுதான் வழக்கம். இவள் நேரே முன்வாசலுக்கு வந்தாள்.

"நான் தூரம்!"

பெண்ணின் அப்பா வாய் நிறையக் காபியோடு விழித்தார். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"அடிப்பாவி, மானம் போச்சே!" என்று அலறினாள் அஞ்சம்மாள்.

"போனது திரும்பி வந்துடுச்சி அத்த. வயிறு சரியில்லன்னு தானே சொல்லிக்கினு திரிஞ்சீங்க?" வந்தவர் பக்கம் திரும்பினாள். "ஐயா, ஒங்க பொண்ண வேற எடத்துல குடுங்க. எம் புருசன நான் யாருக்கும் குடுக்கறதா இல்ல."

அவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். பச்சைமுத்து வாயைப் பிளந்துகொண்டு நின்றான். "கொட்டாய்க்குப் போய்த் தொலைடி" என்று கத்தினாள் மாமியார்.

தையல்நாயகி போகவில்லை. கீழே கிடந்த செங்கல் சில்லைப் பொறுக்கினாள். புதிதாய் வெள்ளையடித்த அந்த வாசல் சுவரில், தெருவே பார்க்க, நீளமாக ஒரு கோடு இழுத்தாள்.