கடைசி மேசை

இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். பெயர்கள் மட்டும் மாற்றப்பட்டிருக்கின்றன. தேதிகள், நேரங்கள், பென்சிலால் எழுதப்பட்டிருந்த வார்த்தைகள் எல்லாம் வசுமதி அன்றன்றைக்கே தன் டைரியில் குறித்து வைத்தவை. அவற்றில் யாரும் கை வைக்கவில்லை. வசுமதி சாமியாட்டத்தையும் ஜோசியத்தையும் சிரித்தே ஒதுக்குகிறவள். அதனால்தான் நேரத்தைக் குறித்து வைத்தாள்.

1975. டொரான்டோவில் ஜெராட் தெருவில், ஒரு புடவைக் கடையின் மாடியில் ஜாபர் சிறிய டிராவல் ஏஜென்சி நடத்திவந்தார். நாகூர்க்காரர், பெண் எடுத்தது பினாங்கில். டைப் அடிப்பது, போன் எடுப்பது, அலமாரிச் சாவி எல்லாம் வசுமதியின் பொறுப்பு. சுவரில் இரண்டு கடிகாரங்கள். ஒன்று டொரான்டோ நேரம், மற்றது பினாங்கு நேரம். குளிர்காலத்தில் பன்னிரண்டரை மணி வித்தியாசம். அதனால் பார்வைக்கு இரண்டாவது கடிகாரம் அரை மணிதான் முந்தி ஓடும்.

அந்த ஏஜென்சிக்கு ஒரு வழக்கம் இருந்தது. சிங்கப்பூர், பினாங்கு, பாங்காக் பக்கம் போகிறவர்களுக்கு டிக்கெட்டோடு இரண்டு பக்க ஆங்கிலக் குறிப்பும் கொடுப்பார்கள். எங்கே தங்கலாம், எந்தக் கடையில் என்ன சாப்பிடலாம் என்று அதில் இருக்கும். கார்பன் நகல் அலமாரியில் இருக்கும். ஊர் திரும்பியவர்கள் தங்கள் தாளின் ஓரத்தில் கருத்தை எழுதித் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதை வைத்து அடுத்த குறிப்பைத் திருத்துவார்கள்.

வசுமதி அந்த ஊர்களில் ஒன்றையும் பார்த்ததில்லை. எல்லாம் அவள் கணவர் மோகனசுந்தரம் சொன்னவை. சுரங்க இயந்திரம் விற்கும் கம்பெனியில் எஞ்சினியர். வருஷத்துக்கு இரண்டு தடவை அந்தப் பக்கம் போய்வருவார். ஞாயிற்றுக்கிழமை காலைகளில், ஸ்காபரோ அபார்ட்மென்டின் பதினோராம் மாடியில், காப்பி ஆறும்வரை அவர் சொல்லிக்கொண்டே போவார். அவள் எழுதிக்கொள்வாள்.

சிராங்கூன் ரோட்டில் இலைச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டுக்குள் போய்விட வேண்டும். ஒரு மணிக்கு ரசம் நீர்த்துவிடும். பாங்காக்கில் படகில் விற்கும் நூடுல்ஸுக்குச் சில்லறை கையில் இருக்க வேண்டும். பினாங்கில், கடலுக்குள் நீளும் மரப்பாலத்தின் மேல் ஒரு கடை. அங்கே மிளகாய் நண்டு. ஒரு தட்டு இரண்டு பேருக்குத் தாராளம். பாலத்தின் நுனியில் உள்ள கடைசி மேசையைக் கேட்டு வாங்க வேண்டும். கூட வருபவரைக் கடல் பக்கம் உட்கார வைக்க வேண்டும். காற்று முகத்தில் படும்.

"தங்கச்சி, பினாங்குல என் மாமியார் வீட்டைத் தவிர உங்க வீட்டுக்காரர் சாப்பிடாத இடம் இல்ல போலிருக்கே" என்பார் ஜாபர். "அங்க மட்டும் போகாதது அவர் அதிர்ஷ்டம்."

டிசம்பர் 2, செவ்வாய்க்கிழமை. மாலை 4.20. மிஸஸ் ஹார்ப்பர் என்ற ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை தன் தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். கணவரோடு நவம்பரில் போய்வந்தவர். சிங்கப்பூருக்கு எதிரே நீல மையில் நல்ல வார்த்தைகள். பாங்காக்குக்கும் அப்படியே. பினாங்குக்கு எதிரே மட்டும் பென்சில்.

தமிழ்.

"கடைசி மேசை வேண்டாம்."

ஒல்லியான, சாய்ந்த எழுத்து. வசுமதி அடுத்த நாள் காலை 10.05க்கு மிஸஸ் ஹார்ப்பருக்குப் போன் செய்தாள்.

"எங்கள் எழுத்து இல்லையே அது" என்றார் அவர். "எங்களுக்கு எப்படித் தமிழ் தெரியும்?"

"தாளை அங்கே யாரிடமாவது கொடுத்தீர்களா?"

"இல்லை. பெட்டியைவிட்டு வெளியே எடுக்கவே இல்லை. அந்தப் பெண்ணாகவும் இருக்க முடியாது. அவள் கையை மேசைக்கு மேலேயே எடுக்கவில்லை."

"எந்தப் பெண்?"

"கடைசி மேசையில் எங்களோடு உட்கார்ந்திருந்தாளே, புடவை கட்டிய பெண். ஒன்றும் பேசவில்லை. பாவம், தொப்பலாக நனைந்திருந்தாள்."

"நல்ல மழையோ?"

"அன்றைக்கு மழையே இல்லை, அம்மா."

அந்த வாரம்தான் மோகனசுந்தரம் அந்தச் சேதியைச் சொன்னார். கல்யாணமாகி ஒன்பது வருஷம். ஒவ்வொரு பயணத்தின்போதும் அவள் கேட்டதுண்டு; ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு காரணம் இருந்ததுண்டு.

"பிப்ரவரியில நீயும் வர்றே. உன் டிக்கெட்டை நீயே எழுதிக்க."

ஒன்பது வருஷமாக அவள் கேட்கக் காத்திருந்த வாக்கியம். அதைக் கேட்டதும் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒரு கேள்விதான் வந்தது.

"அந்த நண்டுக் கடைக்கு யாரோட போனீங்க?"

"தனியாத்தான். வேற யாரோட?"

"ஒரு தட்டு ரெண்டு பேருக்குப் போதும்னு தனியா சாப்பிட்டவருக்கு எப்படித் தெரியும்?"

அவர் கையில் சாம்பார் கரண்டி நின்றது. பிறகு நகர்ந்தது.

"வெயிட்டர் சொன்னான். நீ என்ன போலீஸா? வந்து பாரு. அதே மேசையில உன்னை உட்கார வெக்கறேன். கடல் பக்கம்."

இத்தனை வருஷமாக அந்தக் குறிப்புகளை அவள் வாடிக்கையாளர்களுக்கான அக்கறை என்று நினைத்து டைப் அடித்துவந்தாள். துணையைச் சுவர்ப் பக்கம் உட்கார வையுங்கள், வெயில் படாது. துணைக்குக் காரம் ஆகாதென்றால் இதைச் சொல்லுங்கள். அன்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு மேசையிலும் எதிரே யாரோ இருந்தார்கள்.

ஜனவரி 14, புதன்கிழமை. ஜாபர் விமான நிலையத்துக்குப் போயிருந்தார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கீழே தெருவில் ஸ்ட்ரீட்கார் என்கிற டிராம் மணியடித்துவிட்டுப் போனது. பகலிலேயே இருட்டிவிடும் மாதம். 4.40.

அலமாரிக்குள் சத்தம் கேட்டது.

சர்... சர்...

தாள் புரட்டும் சத்தம்.

இரும்பு அலமாரி. சாவி அவள் கைப்பையில். எலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். எலி இப்படி நிறுத்தி நிறுத்தி, பக்கம் பக்கமாகப் புரட்டாது என்றும் தோன்றியது. எழுந்து போய்ச் சாவியைப் போட்டாள்.

சத்தம் நின்றது.

கதவைத் திறந்தாள். உப்பு வாடை. கடலைப் பார்த்து ஏழு வருஷமாகிறது. ஆனாலும் அந்த வாடை தெரிந்தது. கார்பன் நகல்கள் அடுக்கியபடியே இருந்தன. நாற்பத்தொன்று. இந்த அறையைவிட்டு ஒருநாளும் வெளியே போகாதவை. மேலே இருந்ததை எடுத்தாள்.

பினாங்குக்கு எதிரே பென்சில். "கடைசி மேசை வேண்டாம்."

அடுத்தது. அதிலும்.

அடுத்தது. அடுத்தது.

1973ல் அவள் அடித்த முதல் நகலிலும்.

கடைசியாக ஒன்று இருந்தது. முந்தின நாள் அடித்தது. அவளுக்கும் மோகனசுந்தரத்துக்குமான குறிப்பு. இன்னும் யாரும் பார்க்கவில்லை.

அதன் ஓரம் ஈரமாக இருந்தது.

வேறு வார்த்தைகள்.

"நீ வராதே. அவர் தனியாக வரட்டும்."

கடிகாரத்தைப் பார்த்தாள். 4.52. பக்கத்துக் கடிகாரத்தில் 5.22. அங்கே இன்னும் விடியவில்லை.

பின்னால்... சொட்டு.

திரும்பினாள். யாரும் இல்லை. அவள் நாற்காலிக்கு எதிரே, வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியின் கீழ், லினோலியம் தரையில் ஒரு கைக்குட்டை அளவுக்குத் தண்ணீர்.

சொட்டு.

கோட்டைக்கூட மாட்டவில்லை. படியில் ஓடினாள்.

ஜாபரிடம் அவள் பேயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த நண்டுக் கடையைப் பற்றி விசாரித்துச் சொல்ல முடியுமா என்று மட்டும் கேட்டாள்.

"மச்சானுக்கு எழுதறேன். அவன் பதில் போடறதுக்குள்ள அந்த நண்டே நடந்து வந்துடும்" என்றார் ஜாபர். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அன்றே எழுதினார்.

தன் டிக்கெட்டை வசுமதி ரத்து செய்தாள். லீவு கிடைக்கவில்லை என்று வீட்டில் சொன்னாள். மோகனசுந்தரம் பெரிதாக வருத்தப்படவில்லை. அதையும் டைரியில் எழுதினாள்.

பிப்ரவரி 7, சனிக்கிழமை. காலை 8.15. அவர் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். அந்த நகல் நான்காக மடிந்து அவள் கைப்பைக்குள் இருந்தது. அவர் ஒரே ஒரு உண்மையைச் சொல்லிவிட்டால் அதை எடுத்துக் காட்டிவிடுவது, பயணத்தை நிறுத்திவிடுவது என்று இரவெல்லாம் யோசித்து முடிவு செய்திருந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். நான் கோபப்பட மாட்டேன்."

"கேளு."

"எழுபத்தொண்ணுல மூணு நாள் தாமதமா வந்தீங்க. பிளேனை விட்டுட்டேன்னு சொன்னீங்க. நான் மூணு நாளும் போன் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். அப்போ அங்க உங்ககூட யார் இருந்தா?"

அவர் நிமிர்ந்தார். நேராக அவள் கண்ணைப் பார்த்தார். தோளில் கை வைத்தார்.

"யாரும் இல்ல, வசு."

பொய் சொல்லும்போது மனிதன் கண்ணை விலக்குவான் என்றுதான் அவள் அதுவரை நம்பியிருந்தாள்.

"சரி" என்றாள். கைப்பையின் கொக்கியைப் போட்டாள். மற்ற வாடிக்கையாளர்களுக்குக் கொடுப்பது போலவே டிக்கெட்டையும் குறிப்பையும் ஓர் உறையில் வைத்துக் கொடுத்தாள். குறிப்பில் கடைசி மேசை என்ற வரி இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

பிப்ரவரி 12, வியாழக்கிழமை. காலை 9.10. வசுமதி அலுவலகத்தைத் திறந்தாள். கோட்டைக் கழற்றும்போதே உப்பு வாடை. நேராக அலமாரிக்குப் போனாள். முந்தின சனிக்கிழமை அவள் திரும்ப வைத்த நகல் மேலே இருந்தது. கீழ்ப்பாதி நனைந்து சுருங்கியிருந்தது.

"நீ வராதே" என்ற வரி இல்லை.

அழித்த தடமும் இல்லை.

அதே சாய்ந்த எழுத்து. ஒரே வரி.

"மேசையைப் பகிர்ந்துகொண்டோம். அவ்வளவுதான்."

பக்கத்துக் கடிகாரத்தில் 9.40. பினாங்கில் இரவு.

பிப்ரவரி 17 அன்று ஹோட்டலிலிருந்து தந்தி வந்தது. பெட்டி அறையில் இருக்கிறது. ஆள் ஐந்து நாளாகத் திரும்பவில்லை.

ஜாபரின் மச்சானிடமிருந்து கடிதம் வர மார்ச் 9 ஆகிவிட்டது. அவரே நேரில் அந்தக் கடைக்குப் போயிருந்தார். ஜாபர் கடிதத்தை நின்றுகொண்டே படித்தார். பாதியில் உட்கார்ந்துவிட்டார்.

கடைக்காரர் சீனர், வயதானவர். அவர் சொன்னது இது. 12ஆம் தேதி மாலை ஒருவர் தனியாக வந்தார். மிளகாய் நண்டு ஒரு தட்டு கேட்டார். இரண்டு பேருக்கு என்றார். கடைசி மேசைக்குக் கொண்டுவரச் சொன்னார். அப்படி ஒரு மேசை இப்போது இல்லை, பாலத்தின் நுனியையே 1971ல் அறுத்து எடுத்துவிட்டோம், அதனால்தான் கயிறு கட்டியிருக்கிறது என்று கடைக்காரர் விளக்கினார். வந்தவர் இருட்டைப் பார்த்து, "அதோ இருக்கிறதே, ஆள்கூட உட்கார்ந்திருக்கிறதே" என்றார். கயிற்றைத் தாண்டிப் போனார். விழுந்த சத்தம் கேட்கவில்லை. தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை.

"அப்போ அந்த ஹார்ப்பர் அம்மா எங்க உக்காந்து சாப்பிட்டாங்க?" என்றார் ஜாபர்.

கடிதத்தில் இன்னொரு பக்கம் இருந்தது.

நுனியை அறுத்தது ஏன் என்று மச்சான் கேட்டிருக்கிறார். 1971 செப்டம்பரில் கடைசி மேசையின் கடல் பக்கத்திலிருந்து ஒரு பெண் விழுந்து இறந்துபோனாள். லலிதா. பினாங்குத் தமிழ்ப் பெண், வயது இருபத்தாறு. ஒரு கப்பல் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். கூடச் சாப்பிட்டவர் வெளிநாட்டிலிருந்து வந்த தமிழர், எஞ்சினியர். இரண்டு வருஷமாக அவர்கள் அந்தக் கடைக்குச் சேர்ந்தே வருவார்கள். கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக அவள்தான் கடைக்காரரிடம் சொல்லியிருந்தாள்.

போலீஸ் அந்த ஆளை மூன்று நாள் வைத்து விசாரித்து அனுப்பிவிட்டது. தவறி விழுந்ததாக முடித்துவிட்டார்கள். உடலை வாங்க அவர் வரவில்லை.

விசாரணை முதலில் கடையிலேயே, கடைக்காரரின் கண் முன்னால்தான் நடந்தது. அந்த ஆள் அன்று சொன்ன பதிலைக் கிழவர் நாலரை வருஷமாக மறக்கவில்லை. மச்சான் அதை அப்படியே எழுதியிருந்தார். ஜாபர் மெதுவாகப் படித்தார்.

"எனக்கு அந்தப் பெண்ணைத் தெரியாது. கடையில் வேறு இடம் இல்லை. மேசையைப் பகிர்ந்துகொண்டோம். அவ்வளவுதான்."