மூன்று முறை கழுவிய டேங்க்

முதுகில் மாட்டி அடிக்கிற அந்த மருந்து டேங்கை நான் மூன்று முறை கழுவினேன். சோப்புத்தூள் போட்டுக் குலுக்கி, குழாயைக் கழற்றி ஊதி, கிணற்றுத் தண்ணீரில் அலசி, கவிழ்த்து வடியவிட்டு, அதற்கப்புறம்தான் மருந்து கலக்கினேன். இதை இப்போது சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கழுவாமல் எடுத்தவள் என்று யாரும் என்னை நினைத்துவிடக் கூடாது.

எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது மூன்றாவது வருடம். முதல் இரண்டு வருடமும் திருப்பூர். அவர் பிரிண்டிங் பட்டறை, நான் பனியன் கம்பெனியில் செக்கிங். ஒற்றை அறை வீடு. பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் எங்கள் தட்டு ஆடும். அவருக்கு அங்கே இருப்பே கொள்ளவில்லை. கம்பத்துக்குக் கிழக்கே, சுருளி மலை அடிவாரத்தில் திராட்சைத் தோட்டத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்த மனிதர். சாயத் தண்ணீர் ஓடும் சாக்கடையைப் பார்க்கும்போதெல்லாம் ஊருக்குப் போய்விடலாம் என்பார். நானும் ஒருநாள், "சரி போவோம், இந்தப் பொலம்பலக் கேக்க முடியல," என்றேன். அப்படித்தான் வந்தோம்.

மாமனார் லேசில் இறங்கி வருகிற ஆள் இல்லை. மகனை எதிரே நிற்கவைத்துச் சொன்னார்: "ஒரு வெள்ளாமை பாக்குறேன். ஒழுங்கா எடுத்துக் காட்டிட்டா அந்த அரை ஏக்கர் பந்தல் ஒங்களுக்கு. இல்லையா, பந்தலப் பிரிச்சுப்புட்டுத் தென்னய வச்சுருவேன். எனக்கும் முடியலப்பா." என் பக்கம் திரும்பி, "என்னாத்தா, நெல்லு வயல்ல வளந்த புள்ள, ஒனக்கு இது ஒத்துவருமா?" என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் அப்பா இரண்டு போகம் நெல் போடுகிறவர். அதென்ன கேவலமா?

தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் தகரம் போட்டு ஓர் அறை இறக்கிக்கொண்டோம். கவாத்து வெட்டினோம். கொடியை மொட்டையாக வெட்டிவிட்டால் அன்றிலிருந்து நாள் எண்ணவேண்டும், நாலு மாதத்தில் பழம் அறுக்கலாம். முதல் துளிர் வந்த காலையில் அவர் என்னைத் தூக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். பல் விளக்காமல், நைட்டியோடு, பந்தலுக்கு அடியில் குனிந்து நின்று, "இதுக்கா இந்தக் கூத்து?" என்றேன். ஆனால் மறுநாள் அவருக்கு முன்னால் நான் எழுந்து போய்ப் பார்த்தேன். இத்தனை காலம் யாருக்கோ பனியன் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். இது எங்களுடையது.

மாமனாரிடம் ஒரு சட்டம் இருந்தது. எங்கள் மருந்து டேங்க் எங்கள் வேலியைத் தாண்டாது. வெளி டேங்க் எங்கள் வேலிக்குள் வராது. வந்த புதிதில் எங்கள் அப்பா ஒருநாள் ஒரு பொழுதுக்கு அந்த டேங்கை இரவல் கேட்டார். மாமனார் முகத்துக்கு நேரே, "அது மட்டும் கேக்காதீக சம்பந்தி," என்று சொல்லிவிட்டார். அப்பா மொபெட்டை உதைத்துக்கொண்டு போனார். அன்று எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி மாளாது. சம்பந்தி வீட்டு ஆள் தொட்டால் டேங்க் தேய்ந்துவிடுமா? திராட்சைக்காரனுக்கு அவ்வளவு திமிரா? காரணத்தை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, "அது இந்தப் பக்கம் எல்லாரும் அப்படித்தான்," என்றார். திமிரில் இது ஒரு ஊர்த் திமிர் போல என்று விட்டுவிட்டேன்.

கொடி ஓடி, பூங்கொத்து இறங்கியிருந்த நேரம். மாமனாரும் அத்தையும் போடியில் நாத்தனார் பிரசவத்துக்குப் போயிருந்தார்கள். இரண்டு நாளாக நசநசவென்று தூறல். இந்தத் தூறலில் மருந்து அடிக்காவிட்டால் இலைக்கு அடியில் பூஞ்சை வெள்ளையாய்ப் பூத்து, பூவோடு கருக்கிக் கொண்டுபோய்விடும். அந்த நேரம் பார்த்து எங்கள் டேங்கின் மோட்டார் எரிந்துவிட்டது. கம்பத்தில் சாமான் இல்லையென்று அவர் அதைத் தூக்கிக்கொண்டு தேனிக்குப் போனார். பத்து மணிக்குப் போன் செய்தார். "சாமான் நாளைக்குத்தான் வருமாம். நான் இங்கனயே இருந்து வாங்கிட்டு வந்துர்றேன். ஒரு நாள் தாங்கும்ல?"

தாங்காது. எனக்கே அது தெரிகிற அளவுக்கு நான் தேறியிருந்தேன். தூறல் விட்டு, இலையில் ஈரம் காய்ந்து, வானம் இரண்டு மணி நேரம் வழிவிட்டது. சட்டென்று ஸ்கூட்டியை எடுத்தேன். நேரே எங்கள் ஊர்.

அப்பா தொழுவத்தில் இருந்தார். டேங்கை எடுத்துக் கொடுத்தபடி, "முந்தாநாளுதான் கோரைக்கு அடிச்சேன். நல்லாக் கழுவிக்கத்தா," என்றார். எங்கள் வீட்டில் அப்படித்தான். களைக்கு அடிப்போம், கழுவுவோம், அதே டேங்கில் பூச்சிக்கும் அடிப்போம். நெல் ஒன்றும் சொல்லாது. டேங்கை ஸ்கூட்டியில் முன்னால் வைத்துக்கொண்டு வரும்போது, திமிர்பிடித்த அந்தச் சட்டத்தை மீறுகிறோம் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

தனியாளாகப் பதினோரு டேங்க் அடித்தேன். தோள்பட்டை கழன்றுவிட்டது. அவருக்குப் போன் போட்டு, "அடிச்சாச்சு, நீங்க பாட்டுக்கு மெதுவா வாங்க," என்று பீற்றிக்கொண்டேன். "அடி ஆத்தீ! எதுல?" என்றார். "வாங்க சொல்றேன்," என்றேன்.

மறுநாள் மதியம் வந்தார். டேங்கைப் பார்த்தார். மூடியைத் திறந்து மோந்தார். ஆஸ்பத்திரித் தரையைத் துடைக்கிற மருந்து மாதிரி ஒரு வாடை, லேசாக, மூன்று கழுவலுக்கு அப்புறமும் அதிலிருந்தது. நான் அதை நேற்றே மோந்திருந்தேன். ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன்.

"இதுல களைமருந்து அடிச்சாகளா?"

"கழுவிட்டேன். மூணு தடவ."

அவர் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் சொன்னார். அந்த மருந்தின் ஒரு பொட்டு குழாயில் தங்கியிருந்தாலும் திராட்சைக்கு ஆகாது. நெல்லுக்குத் தெரியாது, கரும்புக்குத் தெரியாது, திராட்சைக்கு மட்டும் தெரிந்துவிடும். அதனால்தான் இந்தப் பக்கம் யாரும் டேங்கை இரவல் கொடுப்பதுமில்லை, வாங்குவதுமில்லை. இதைச் சொல்லித்தர அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. நெருப்பு சுடும் என்று பெண்டாட்டிக்கு யாராவது சொல்லித்தருவார்களா?

"திட்டித் தொலைங்களேன்!" என்று கத்தினேன். அவர் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "மூணு நாள்ல தெரிஞ்சுரும். ஒண்ணும் ஆகாமக்கூடப் போகலாம்," என்றார். என்னைச் சமாதானம் செய்கிறாரா, தன்னையே செய்துகொள்கிறாரா என்று தெரியவில்லை.

அந்த மூன்று நாளும் நாங்கள் செய்யாத கோமாளித்தனம் இல்லை. கிணற்று மோட்டாரைப் போட்டு, குழாயைப் பிடித்து, ஒவ்வொரு கொடியையும் குளிப்பாட்டினோம். போனில் எவனோ சொன்னான் என்று வெல்லத் தண்ணீர் தெளித்தோம். இன்னொருத்தன் இளநீர் என்றான், அதையும் தெளித்தோம். நுனியைக் கிள்ளிவிட்டால் விஷம் ஏறாது என்று அவருடைய சிநேகிதர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, கழுத்து ஒடிய அண்ணாந்து பார்த்து, அரை ஏக்கர் நுனியையும் நகத்தால் கிள்ளினோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நான் கருப்பசாமிக்குக் கிடா வெட்டுவதாக நேர்ந்துகொண்டேன். அவரும் தனியாக ஒன்று நேர்ந்திருக்கிறார், பிறகுதான் தெரிந்தது.

நாலாம் நாள் காலையில் புதுத் துளிர் கோழிக்கால் மாதிரி விரிந்து வந்தது. இலையே இல்லை, வெறும் நரம்பு. கொடி நுனிகள் சுருண்டு கீழே பார்த்தன. பூங்கொத்தைத் தொட்டால் கையோடு வந்தது. நான் அதை மறுபடி கொடியில் ஒட்டவைக்கப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். அன்றைக்கு நான் அழுத அழுகையை எங்கள் அம்மா செத்தபோதுகூட அழவில்லை.

"அப்பா நாளைக்குப் போடியிலருந்து வர்றாக," என்றார் சாயங்காலம். "காத்துல வந்துச்சுன்னு சொல்லுவோம். அந்தப் பக்கம் மக்காச்சோளத்துக்கு அடிச்சாக, அதுல பறந்து வந்துருச்சுன்னு."

மாமனார் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகத் தோட்டத்துக்கே வந்தார். பையைக் கீழே வைக்கவில்லை. வாசல் படலிலிருந்து கிணறு வரைக்கும் பந்தலுக்கு அடியில் நடந்தார், திரும்பி வந்தார். என் வீட்டுக்காரர் காற்றைப் பற்றி ஆரம்பித்தார். மாமனார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"காத்துல வந்தா வேலியோரம் பூராவும் கருகியிருக்கும். இது இங்கன வாசல்ல மோசமா இருக்கு, அங்கன போகப் போகத் தெளிஞ்சிருக்கு. முத டேங்க் இங்கன ஆரம்பிச்சிருக்கு. ஊத்த ஊத்த விஷம் கொறைஞ்சிருக்கு." பிறகு கேட்டார்: "யார் டேங்க்?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர் முன்னால் வந்துவிட்டார். "நான்தான்ப்பா. நெல்லு வயக்காரர் ஒருத்தர்ட்ட வாங்கி அடிச்சுட்டேன். அவ அன்னைக்கு ஊருக்குப் போயிருந்தா."

தெரியாத மருமகள் செய்திருந்தால் தெரியாமல் செய்தது. திராட்சைக்காரன் மகன் செய்தால் அது என்ன? மாமனார் மகனை ஓங்கி அறைவார் என்று நினைத்தேன். அவர் அதைச் செய்யவில்லை. "ஒரு வெள்ளாமை பாக்குறேன்னேன். பாத்துட்டேன்," என்றார். அவ்வளவுதான். பையோடு வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் அப்போது ஓடிப்போய்ச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. பயம். வேறு எந்தக் காரணமும் கிடையாது. மறுவாரம் திருப்பூருக்கே திரும்பிப் போகிற பஸ்ஸில் ஏறி, தேனி தாண்டிய பிறகு, "ஏங்க அப்படிச் சொன்னீக?" என்று கேட்டேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "என் மேலன்னா ஒரு வருசம் கோவம். ஒன் மேலன்னா ஆயுசுக்கும் பேச்சு. ஒங்கப்பா பேரும் சேந்து நாறும். விடு, அவர் தணிஞ்சுருவாரு."

மாமனார் தணியவில்லை. மகனோடு பேசவே இல்லை. மாதத்துக்கு ஒரு தடவை என் நம்பருக்கு மட்டும் கூப்பிட்டு, சாப்பிட்டியாத்தா, உடம்பு நல்லாருக்கா என்று கேட்பார். நான் பழையபடி செக்கிங் டேபிளில் நின்றேன். என் வீட்டுக்காரர் பழையபடி பட்டறை. ஊர்ப் பேச்சை அவர் எடுப்பதே இல்லை. சாக்கடையைப் பார்த்தும் ஒன்றும் சொல்வதில்லை. முன்பெல்லாம் அந்தப் புலம்பலை எப்படா நிறுத்துவார் என்றிருந்தேன். இப்போது ஒரு வார்த்தை புலம்பமாட்டாரா என்று இருந்தது.

எட்டு மாதம் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், நான் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். மாமனார் கூப்பிட்டார். கையில் மசாலா, அதனால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஆத்தா, தென்னய வைக்க மனசு வராம அந்தக் கொடிய அடியோட வெட்டிவிட்டேன், தெளிஞ்சு வந்து காச்சிருச்சு. கொடி சாகல. நேத்து அறுப்பு. போடி மாப்பிள்ளைட்ட விட்டுட்டேன், இனிமே அவரு பாத்துக்கிறட்டும்." அதோடு விடவில்லை. "நீ சூட்டிகையான புள்ள. நீ மட்டும் அன்னைக்கு அங்கன இருந்திருந்தா அவன விட்டுருப்பியா? ஒன் நேரம், இவனுக்கு வந்து வாக்கப்பட்ட."

என் வீட்டுக்காரர் தலை நிமிரவில்லை. முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"மாமா, டேங்கக் கொண்டாந்தது நான். எங்கப்பா டேங்க். அடிச்சதும் நான்தான். அவுக அன்னைக்குத் தேனியில இருந்தாக. அவுகளுக்கு ஒண்ணும் தெரியாது."

அந்தப் பக்கம் கிணற்று மோட்டார் ஓடுகிற ஓசை மட்டும் கேட்டது.

"அவன் பக்கத்துல இருக்கானா?"

"இருக்காக."

"அவந்தான் இப்படிச் சொல்லச் சொன்னானா?"

"இல்ல மாமா, சத்தியமா நான்..."

"மாப்பிள்ளைக்கு விட்டேன்னதும் வயிறு எரியுதாக்கும். தோட்டத்துக்காகப் பொண்டாட்டி தலையில பழியத் தூக்கி வைக்கிறானா? அவ்வளவுக்கு வந்துட்டானா? ஆம்பளையா அவன்? நான் செத்தாக்கூட இங்கன வரவேணாம்னு சொல்லு."

வைத்துவிட்டார். மசாலாக் கையோடு திரும்பப் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். நாலு தடவை போட்டேன்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. "போதும். இனிமே போடாத," என்றார்.

நான் ஐந்தாவது தடவையாகப் போட்டேன்.