ஆரோடு விளையாடி வென்றார்கள்

எங்கள் மகள் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் உடற்சிகிச்சை படிக்கிறாள். அங்குள்ள கால்பந்து அணிக்குக் கணுக்காலில் கட்டுப் போடுவதும் தண்ணீர் கொடுப்பதும் அவளுடைய பயிற்சியில் ஒரு பகுதி. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து. எல்லைக்கு இந்தப் பக்கம், மல்வேர்னில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் சனிக்கிழமைகளில் அது ஓடத் தொடங்கியது, மைதான ஓரத்தில் மகள் ஒரு கணமாவது தெரிவாளா என்று பார்ப்பதற்குத்தான். ஒருமுறை நேரில் போனோம். மாணவர்கள் விளையாடும் மைதானம் அது. எங்கள் ஊர்ச் சனம் முழுவதையும் உட்கார வைத்தாலும் ஒரு மூலை நிரம்பியிருக்காது.

மூன்றாவது வருடம் என் மனைவி மகளைத் தேடுவதை விட்டுவிட்டு ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். அவள் மருத்துவமனை ஆய்வுகூடத்தில் இரத்தம் சோதிப்பவள். ஓர் அணி வென்றது என்று யாராவது சொன்னால் அவள் கேட்கும் முதல் கேள்வி, "ஆரோடை?" அடுத்தது, "ஆற்றை கிறவுண்டிலை?" யாருடைய மைதானத்தில் என்று.

கேள்வியில் நியாயம் இருந்தது. அந்த நாட்டில் பெரிய கல்லூரி அணிகள் மட்டும் நூறுக்கு மேல். எல்லோரும் எல்லோரோடும் மோத முடியாது. அதனால் கொன்பரன்ஸ் என்ற பிரிவுகளாகப் பிரிந்து பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே விளையாடுகிறார்கள். வெளியாருடன் மூன்று நான்கு ஆட்டங்கள்தான். அந்த எதிராளிகளைப் பல்கலைக்கழகங்களே பல வருடங்களுக்கு முன்பே பேசித் தீர்மானிக்கின்றன. சில பல்கலைக்கழகங்கள் ஒரு சின்னக் கல்லூரியைக் காசு கொடுத்து வரவழைத்து, அடித்து நொறுக்கி அனுப்புகின்றன. வேறு சில, செப்டெம்பர் வெயிலில் பலசாலியின் மைதானத்துக்கே போய் நிற்கின்றன. ஒரு கொன்பரன்ஸை இன்னொன்றோடு ஒப்பிட இந்தச் சில ஆட்டங்களை விட்டால் வேறு அளவுகோல் இல்லை. டிசம்பரில் ஒரு குழு கூடி, இறுதிச் சுற்றுக்கான அணிகளைத் தெரிவுசெய்து அறிவிக்கும்.

மகளின் கடைசி வருடம் அவளுடைய அணி ஓர் ஆட்டத்தில்தான் தோற்றிருந்தது. தெரிவானால் அவளுக்கு இன்னும் ஓர் ஆட்டம். இல்லாவிட்டால் நான்கு வருடமும் அன்றோடு முடிந்துவிடும். கடைசி இடத்துக்கு இரண்டு அணிகள் நின்றன. மற்ற அணிக்கு மூன்று தோல்விகள்.

அறிவிப்பு ஞாயிறு மதியம். மனைவியின் தம்பி றிச்மண்ட் ஹில்லிலிருந்து சாப்பிட வந்திருந்தான்.

"ஒண்டு பெரிசோ, மூண்டு பெரிசோ? எங்கடை ஆக்கள்தான்," என்றான்.

"செப்டெம்பரிலை எங்கடை ஆக்கள் ஆரோடை விளையாடினவை? எங்கடை கொன்பரன்ஸ் முழுக்க அப்பிடித்தான், சின்னப் பள்ளிக்கூடங்களாப் பாத்துக் கூப்பிட்டது. மற்ற ரீம்காரர் போய் ரெண்டு பெரிய ஆக்களின்ரை கிறவுண்டிலை நிண்டு தோத்தவை. அதுவும் கடைசி நிமிசத்திலை. இடம் அவைக்குத்தான்," என்றாள் மனைவி.

"அக்கா, சொந்தப் பிள்ளைக்கு எதிரா வோட் போடுறியளே. கிறிஸ்மஸுக்கு அவள் வீட்டை வரமாட்டாள், சொல்லிப்போட்டன்." பிறகு என்னைப் பார்த்தான். "அத்தான், மெடிசின் கிடைக்காமல் போன ஆள் கதைக்கிற கதையே இது?"

அது எங்கள் வீட்டில் எல்லோரும் அறிந்த கதை. உயர்தரப் பரீட்சையில் அவள் எடுத்த புள்ளிக்கு, பள்ளிக்கூட வசதி குறைந்த வேறு மாவட்டமென்றால் மருத்துவ பீடம். யாழ்ப்பாண மாவட்ட வெட்டுப்புள்ளிக்கு அது போதவில்லை. கலியாணமான நாளிலிருந்து கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கோபத்தோடுதான் முடியும்.

அவள் சோற்றுப் பானையை இறக்கிவைத்தாள்.

"ஓம், போச்சுது. செய்த விதம் சரியெண்டு நான் எந்தக் காலத்திலையும் சொல்லமாட்டன். ஆனா எனக்கு ரியூசனுக்கு மூண்டு ரியூட்டரி. மொனராகலையிலை ஒரு பள்ளிக்கூடத்திலை கெமிஸ்ட்ரிக்கு வாத்தியாரே இல்லை. அந்தப் பிள்ளையின்ரை புள்ளியையும் என்ரை புள்ளியையும் பக்கத்திலை வைச்சு, இது பெரிசு, அது சின்னன் எண்டு என்னெண்டடா சொல்லுறது?"

நான் செய்தியாளனாக இருந்த காலத்தில் இழப்பைப் பற்றிப் பேசும் பலரைப் பதிவு செய்திருக்கிறேன். தன்னுடைய இழப்பை எதிர்த்தரப்பின் இடத்திலிருந்து நிறுத்துப் பார்த்த ஒருவரை அன்றுதான் பார்த்தேன். இத்தனை வருடமும் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம்.

மகள் அழைத்தாள். அணி கூடியிருந்த மண்டபத்தின் இரைச்சல் அவள் குரலுக்குப் பின்னால் கேட்டது.

"அம்மா, ஒனஸ்ட்லி. நாங்கள் உள்ளுக்கை போவமா?"

"போவியள் போலைதான் கிடக்கு. போகவேண்டியது அவை."

"வாவ். நீங்கள் என்ரை அம்மாதானே?"

"ஓம். அதுதான் சொல்லுறன்."

"இஞ்சை பெடியள் ஒருத்தனும் சாப்பிடேல்லை, அம்மா. நான் இதை அவங்களுக்குச் சொல்லேலுமா?"

"பெடியளிலை என்ன பிழை? ஆரோடை விளையாடுறதெண்டு முடிவெடுத்த நேரம் அவங்கள் சின்னப் பிள்ளையள். நீ போனை வையாதை, கேட்டுக்கொண்டு நிப்பம்."

அணிகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசிப் பெயர் மகளின் பல்கலைக்கழகம். தொலைபேசியில் எழுந்த சத்தத்தில் சொற்கள் எதுவும் பிரித்துக் கேட்கவில்லை. தம்பி கை தட்டினான்.

"சந்தோசம், பிள்ளை," என்றாள் மனைவி. குரலில் அது உண்மையாகவே இருந்தது. "போய் அவங்களோடை நில். பிறகு கதைப்பம்."

தொலைக்காட்சி இப்போது மற்ற அணியைக் காட்டியது. ஒரே நிறச் சட்டை போட்ட பெடியள் வரிசை வரிசையாகக் கதிரைகளில் இருந்தார்கள். யாரும் எழும்பவில்லை. ஒருவன் மட்டும் பக்கத்திலிருந்தவனின் பிடரியில் கையை வைத்திருந்தான். நிருபர் பயிற்றுநரிடம் கேட்டார்: இனிமேல் வெளியாட்டங்களுக்கு இலகுவான எதிராளிகளைத் தேடுவீர்களா?

பயிற்றுநர் தன் பெடியள் பக்கம் திரும்பினார்.

"மாத்திப்போடாதேங்கோ," என்றாள் என் மனைவி, அந்தப் பெட்டியைப் பார்த்து, ஒரு பெரியவரிடம் கேட்பதுபோல.

தம்பி சிரிக்கவில்லை. பயிற்றுநர் வாயைத் திறக்கும் முன் விளம்பரம் வந்துவிட்டது. அவள் அது முடியும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.