ஒரு நொடிக்கு எழுபத்தைந்து பொறி

அக்கா திருநகரில் இருக்கிறாள், கணக்கு டீச்சர். எனக்குக் கோச்சடையில் சின்னதாக ஒரு பல் கிளினிக். அய்யா ஊரான் வயலில் கூலிக்குப் போய் எங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தவர். இப்போது திருமங்கலம் தாண்டிச் சொந்தமாகக் கொஞ்சம் கரிசல் வாங்கிப் பருத்தி போடுகிறார். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேரும் சாப்பாட்டைக்கூட மறந்து ஒரு பைக்கைச் சுற்றியே கிடந்தோம்.

பைக் அக்காவுடையது. நாலு சிலிண்டர் வண்டி, பெங்களூரில் ஒருத்தரிடம் செகண்ட் ஹேண்டாக வாங்கினாள். தெருவே வாயைப் பிளந்தது. எனக்கும் முதலில் பயம்தான். ஆனால் சேலையை மாற்றி, ஹெல்மெட் போட்டு அவள் அதில் ஏறி உட்கார்ந்தால் வேறு ஆள் மாதிரித் தெரிவாள்.

கொஞ்ச நாளாக அந்த எஞ்சின் சரியில்லை. சிக்னலில் நின்றால் திணறும். நான்கு வழிச்சாலையில் முறுக்கினால், எஞ்சினின் சுற்றைக் காட்டும் மீட்டர் முள் ஒன்பதாயிரத்தைத் தொடும்போது விக்கல் எடுத்ததுபோல் வெட்டி வெட்டி இழுக்கும். பெட்ரோலுக்குப் பொறி வைக்கிற பிளக்காகத்தான் இருக்கும், நாமே மாற்றிவிடலாம் என்று அக்கா முடிவு செய்தாள். எனக்குப் போன் வந்தது.

"ஏ புள்ள, உன்கிட்ட காத்து ஊதுற ரப்பர் குமிழ் இருக்குல்ல? அதையும், தலைல மாட்டுற லைட்டையும் எடுத்துட்டு வா."

"எதுக்குக்கா?"

"பல்லு புடுங்கத்தான்."

நான் போனபோது அக்கா பெட்ரோல் டேங்கைத் தூக்கி நிறுத்தி, ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி வைத்திருந்தாள். அய்யா முதல் நாளே ஊரிலிருந்து வந்தவர், போர்ட்டிகோவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சினின் தலையில் வரிசையாக நாலு குழி. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பிளக். குழிக்குள் மணல் கிடந்தது. பிளக்கைக் கழற்றினால் அது நேராக எஞ்சினுக்குள் விழும். நான் லைட்டை மாட்டிக்கொண்டு நாலு குழியையும் ஊதிச் சுத்தம் செய்தேன். வேர் சிகிச்சைக்குப் பல்லைத் தயார் செய்கிற மாதிரியேதான் இருந்தது.

மூன்று பிளக் லேசாகக் கழன்றன. இரண்டாவது மட்டும் அசையவில்லை. எஞ்சின் தலை அலுமினியம். முரட்டுத்தனமாகத் திருகினால் மரை போய்விடும், அப்புறம் தலையையே இறக்க வேண்டும். அக்கா நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஸ்பானரை என் கையில் கொடுத்தாள். "நீ பாரு. பல்லு புடுங்குற கை உன்னுது."

இறுகிய மரையை இளக்குகிற எண்ணெய் கொஞ்சம் விட்டு ஊறவைத்தேன். பிறகு இம்மி தளர்த்தினேன், மறுபடி இறுக்கினேன், மறுபடி தளர்த்தினேன். வராத பல்லிடமும் அப்படித்தான். 'கிறீச்' என்று ஒரு சத்தம். மரை போய்விட்டதோ என்று அக்கா குனிந்து பார்த்தாள். அது பிடி விட்ட சத்தம்தான். பிளக் முழுசாக வெளியே வந்தது.

நாலும் கரிச்சட்டியின் அடி மாதிரிக் கறுத்திருந்தன. இரண்டாவது பெட்ரோலில் நனைந்தே இருந்தது. அதில் பொறியே விழவில்லை.

அக்கா போனோடு இணைகிற மெல்லிய குழாய்க் கேமராவைக் குழிக்குள் இறக்கினாள். திரையில் முதலில் இருட்டு. பிறகு ஒரு வட்டம் தெரிந்தது. பழுப்பு நிறம், ஓரத்தில் பிறை பிறையாக நாலு வெட்டு, நடுவே தீ நக்கிய தடம். பிஸ்டனின் தலை. தினமும் மனிதர்களின் வாய்க்குள் பார்க்கிறவள்தான் நான். ஆனாலும் பார்க்கக்கூடாத ஏதோ ஒரு கருவறைக்குள் எட்டிப் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது.

அய்யா எழுந்து வந்து போனைக் கையில் வாங்கினார். "இம்புட்டு எடத்துக்குள்ளயா தாயி தீ எரியுது?"

"ஆமாய்யா. நிமிசத்துக்கு ஒம்பதாயிரம் சுத்து சுத்துதுன்னு வைங்க. ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை தீ. அப்ப நாலாயிரத்து ஐந்நூறு. அறுபதால வகுத்தா..." அக்கா பழக்கதோஷத்தில் என்னைப் பார்த்தாள்.

"எழுபத்தஞ்சு," என்றேன்.

"ஒரு செகண்டுக்கு எழுபத்தஞ்சு தடவை பொறி. ஒவ்வொரு பிளக்கும்."

அய்யா திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "கண்ணு சிமிட்டுறதுக்குள்ள எத்தனை தீ," என்றார், தனக்குத்தானே.

புது பிளக் வாங்க கோரிப்பாளையம் கிளம்பினோம். குழிகளைத் துணியால் மூடிவிட்டு அய்யாவிடம் சொன்னேன்: "உள்ள ஒரு நெல்லு மணி விழுந்தாக்கூட எஞ்சின் போயிரும்யா. பாத்துக்கங்க."

கடைக்கார பாய் ஒரே மாதிரி இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். இரண்டிலும் இரிடியம் முனை, எண்ணில் மட்டும் ஒன்று வித்தியாசம். கழற்றிய பிளக்கின் எண் ஒன்றில் இருந்தது. வண்டியின் புத்தகத்தில் போட்டிருந்தது மற்றதில்.

"மதுரை வெயிலுக்குப் பழசே தேவலையோ? அது சூட்டைச் சீக்கிரம் கடத்தும்," என்றாள் அக்கா.

நான் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்து வாய்க்குள் பார்த்தேன். பழைய எண்ணில் வெள்ளைப் பீங்கான் மூக்கு குட்டை, மற்றதில் கொஞ்சம் நீளம். அவ்வளவுதான் வித்தியாசம். முனையோ பென்சில் நுனியைவிட மெல்லிசு.

அக்கா யோசித்தாள். கடை வாசலில் பஸ்ஸும் ஆட்டோவும் ஹாரனடித்து நகராமல் நின்றன. அவள் அதைப் பார்த்தாள். சட்டென்று சிரித்தாள். "முன்னாடி வச்சிருந்தவரு ரேஸ் தடத்துல ஓட்டிருப்பாரு. அதுக்குக் குட்டை மூக்கு சரி. நம்ம இந்த ஜங்ஷன்ல உருட்டிட்டுப் போறோம். பிளக்குக்குத் தன் கரியத் தானே எரிக்கிற அளவு சூடே ஏறல. நீள மூக்குதான் சூட்டைப் பிடிச்சு வைக்கும். பாய், அதையே குடுங்க."

திரும்பியபோது அய்யா நாற்காலியை வண்டியோடு ஒட்டிப் போட்டு, எஞ்சினின் மேல் தன் துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "காத்தடிச்சுது," என்றார். டீ கொடுக்க வந்த பக்கத்து வீட்டு அம்மாவையும் தள்ளி நிற்கச் சொன்னாராம்.

ரப்பர் டியூபில் செருகி, ஒவ்வொரு பிளக்காக விரலால் மட்டும் சுற்றி இறக்கினேன். மரை கோணலாகப் பிடித்தால் டியூபே வழுக்கிவிடும். நாலும் வழுக்காமல் உட்கார்ந்தன. பிறகு, அளவு வந்ததும் 'டிக்' என்று சொல்லும் டார்க் ரென்ச்சால் அக்கா முறுக்கினாள்.

சாயங்காலம் எல்லாவற்றையும் மாட்டிப் பொத்தானை அழுத்தினாள். ஒரே முறைதான். திணறல் இல்லை. நாலு சிலிண்டரும் ஒரே குரலில் பேசின.

நான் பின்னால் ஏறிக்கொண்டேன். நான்கு வழிச்சாலையில் வண்டிகள் குறைந்த இடம் வந்ததும், இரண்டாவது கியரில் அக்கா முறுக்கினாள். அவள் தோளுக்கு மேல் முள்ளைப் பார்த்தேன். ஏழு. எட்டு. ஒன்பது. விக்கவில்லை. சத்தம் தனித்தனி அடிகளாக இருந்தது மாறி ஒரே நீண்ட குரலாகி, என் முதுகெலும்பு வழியாக ஏறியது. எனக்கடியில் அந்தப் பழுப்பு வட்டங்களின் மேல் நொடிக்கு எழுபத்தைந்து தீ. என் விரல் வைத்த நாலு பொருளும் அந்தத் தீக்குள் இருந்தன. பயந்து கண்ணை மூடவேண்டியவள் வாய்விட்டுக் கத்தினேன், "அக்கா, போ!"

அவள் நல்ல பிள்ளையாக வேகத்தைக் குறைத்தாள். கரிசல் காட்டோரம் நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகமெல்லாம் வியர்வை. எனக்கும் அப்படித்தான்.

வீட்டுக்கு வந்தபோது அய்யா கேட்டில் நின்றிருந்தார்.

"முக்குத் திரும்புற வரைக்கும்தான் எனக்குக் கேட்டுச்சு," என்றார். "அணைச்சுப்புடாத தாயி. கொஞ்ச நேரம் ஓடட்டும்."